சூரியக் கடிகாரம் அரைமணி நேரம் பின்தங்கினால் தட்டைத் திருப்பலாமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தேன். கைபேசி நேரத்தோடு அச்சாகப் பொருந்தியது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பார்த்தால் அரைமணி நேரம் பின்தங்கி நிற்கிறது. தட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாமா?

பதில்: திருப்பாதீர்கள். உங்கள் கடிகாரத்தில் கோளாறு ஏதும் இல்லை. நவம்பரில் பொருந்தியதுதான் தற்செயல்.

கைபேசி காட்டும் இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. திருச்சி இருப்பது 78.7 டிகிரியில். ஒரு டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிடம் ஆகும். ஆகவே 3.8 டிகிரி மேற்கே உள்ள உங்கள் மாடிக்கு உச்சிப்பொழுது 15 நிமிடம் 12 விநாடி தாமதமாக வருகிறது. ஆண்டு முழுவதும் மாறாத வித்தியாசம் இது. (சென்னைக்கு இது 9 நிமிடம், மதுரைக்கு 17½, கோவைக்கு 22, யாழ்ப்பாணத்துக்கு 10.) 1906க்கு முன் ரயில்கள் ஓடிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. அன்று இதே கணக்கில் திருச்சிக்கு வித்தியாசம் 6 நிமிடம்தான்.

இரண்டாவது வித்தியாசம் நாளுக்கு நாள் மாறுவது. ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை எல்லா நாளும் சரியாக 24 மணி நேரம் ஆவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது வேகமாக நகர்கிறது. அதன் அச்சும் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து டிசம்பர் இறுதியில் ஒரு சூரிய நாளை அரை நிமிடம் நீட்டுகின்றன; செப்டம்பர் நடுவில் 20 விநாடிக்கு மேல் குறுக்குகின்றன. அன்றாட வித்தியாசம் சிறிதுதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். நவம்பர் 3 வாக்கில் சூரியன் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் 25 விநாடி முந்தியிருக்கும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் 15 விநாடி பிந்தியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு நேரச் சமன்பாடு என்று பெயர்.

இப்போது உங்கள் கணக்கு: நவம்பரில் தீர்க்கரேகையின் 15 நிமிடப் பின்னடைவும் 16 நிமிட முந்தலும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. பிப்ரவரியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து 29½ நிமிடம் ஆகிவிட்டது.

இதைத் திருப்பிச் சரிசெய்ய நினைத்தால் நண்பகலில் தட்டை ஏறக்குறைய 17 டிகிரி சுழற்ற வேண்டியிருக்கும். நிழலை விழச்செய்யும் கம்பி வடக்கை விட்டு விலகிவிடும். பிறகு அது அந்த நாளின் அந்தப் பொழுதுக்கு மட்டுமே சரி. இன்னொரு சிக்கலும் உண்டு: திசைப் பிசகால் வரும் பிழை டிசம்பர் நண்பகலில் ஒரு பக்கம் என்றால், சூரியன் திருச்சிக்கு வடக்கே போய்விடும் ஜூனில் எதிர்ப்பக்கம் விழும்.

எங்கள் அட்சரேகையில் கிடைமட்டத் தட்டையே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. திருச்சிக்கு 10.8 டிகிரி. இங்கே கிடைமட்டத் தட்டில் 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடையே 3 டிகிரிகூட இல்லை. 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையிலோ 55 டிகிரி. நண்பகலில் ஐந்து நிமிடத்தைக்கூடப் பிரித்துப் படிக்க முடியாது. லண்டனின் அட்சரேகைக்கு ஏற்பச் செய்த பித்தளை அலங்காரத் தட்டு கையில் இருந்தால், அதன் கம்பி அந்த அட்சரேகை அளவுக்கே, 51½ டிகிரி சாய்ந்திருக்கும்; தென்விளிம்பை 40.7 டிகிரி தூக்கிவைத்தால் இங்கேயும் பயன்படும்.

அதைவிட நல்லது, பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து செய்யும் அரைக்குழாய்க் கடிகாரம். இதில் மணிக்கோடுகள் எல்லாம் சம இடைவெளி. 250 மி.மீ. நீளத் துண்டு போதும். உள்விட்டம் 190 மி.மீ. என்றால் உள் அரைவட்டம் 298 மி.மீ.; 12-ஆல் வகுத்தால் மணிக்கு 24.9 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றைக் குழாயின் நடு அச்சில், இரு முனையிலும் மெல்லிய பட்டை கொடுத்து இழுத்துக் கட்டுங்கள். கம்பி 2 மி.மீ.க்கு மேல் தடித்தால் நிழலின் நடுவைக் கண்டுபிடிப்பது கடினம். குழாயின் வாய் மேலே பார்க்க, அடியில் 300 மி.மீ. நீளமும் வடமுனையில் 57 மி.மீ. உயரமும் உள்ள (10.8 டிகிரிச் சரிவு) ஆப்புக் கட்டைமேல் அமர்த்துங்கள்.

மணிகளைக் குறிக்கும்போதே தீர்க்கரேகைத் திருத்தத்தைச் சேர்த்துவிடலாம். 12 மணிக் கோட்டைக் குழாயின் அடிமட்ட நடுவில் போடாமல், அதற்கு 6.3 மி.மீ. மேற்கே போடுங்கள். காலை மணிகள் மேற்குச் சுவரில், மாலை மணிகள் கிழக்குச் சுவரில். சூரியன் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். நிழலின் ஓரம் இரண்டு நிமிட அளவுக்கு மங்கித்தான் தெரியும். ஆகவே ஒரு நிமிடத் துல்லியத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வடக்கைக் கண்டுபிடிக்கக் காந்த ஊசியை நம்ப வேண்டாம். மாடித் தளத்தில் உள்ள இரும்புக் கம்பி அதை இழுத்துவிடும். டிசம்பர் 25 அன்று நேரச் சமன்பாடு கிட்டத்தட்டப் பூச்சியம். அன்று பகல் 12 மணி 15 நிமிடத்தில், அசையாமல் தொங்கும் தூக்குக்குண்டு நூலின் நிழலைக் கோடாக வரைந்தால் அதுதான் வடக்கு–தெற்கு. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 நாட்களை ஒட்டி இதைச் செய்ய முடியாது. சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நூலுக்கு நிழலே விழாது.

பிறகு நேரச் சமன்பாட்டை மட்டும் ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டுங்கள். நிழல் காட்டும் நேரத்தோடு கூட்ட வேண்டிய நிமிடங்கள்: ஜனவரி 1-க்கு 3, பிப்ரவரி 11-க்கு 14, மார்ச் 1-க்கு 12½, ஏப்ரல் 1-க்கு 4, ஜூலை 26-க்கு 6½. கழிக்க வேண்டியவை: மே 14-க்கு 4, அக்டோபர் 1-க்கு 10, நவம்பர் 3-க்கு 16½, டிசம்பர் 1-க்கு 11. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகே இந்த அட்டை கடிகாரக்காரர்களுக்கு அவசியமானது. அதற்கு முந்திய கடிகாரங்களின் தினப்பிழையே கால்மணி அளவுக்கு இருந்ததால், சூரியனின் ஏற்ற இறக்கம் அதில் மறைந்துபோனது. பின்னர் முந்திரிக்கொட்டை வடிவத் தகடு ஒன்றை ஆண்டுக்கு ஒரு முறை சுற்றவிட்டு, அதன் விளிம்பைத் தொட்டுநிற்கும் நெம்புகோலால் சூரிய நேரத்தையும் காட்டிய கடிகாரங்கள் வந்தன. மிக அழகான பொறியமைப்பு அது.

வீட்டில் சாவி கொடுக்கும் பழைய ஊசல் கடிகாரம் இருந்து, அதை இரண்டு வெவ்வேறு நாட்களில் நிழலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு நாளும் அட்டைத் திருத்தத்தைச் செய்த பிறகே ஒப்பிடுங்கள். டிசம்பர் 16 முதல் 26 வரை திருத்தாமல் பார்த்தால், ஒழுங்காக ஓடும் கடிகாரம்கூட 5 நிமிடம் வேகமாக ஓடியதாகத் தெரியும். அதை நம்பிக் ஊசல் குண்டுக்கு அடியில் உள்ள மறையை (நட்டை) தளர்த்தி ஊசலைக் கீழிறக்கினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நாளுக்கு அரை நிமிடம் பின்தங்கத் தொடங்கிவிடும்.