மஸ்லெனித்சா: வெண்ணெய் வாரம் பற்றிக் கேளுங்கள்

ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் ஆறு குளிர்காலங்கள் வாழ்ந்தவன். இப்போது ரஷ்ய மொழி கற்பிக்கிறேன். பண்டிகை, சாப்பாடு, சடங்கு பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் விவரங்களை என்னிடம் கேட்க வேண்டாம்.

மஸ்லெனித்சா எப்போது வரும், ஐயா? பெயருக்கு என்ன பொருள்?

‘மாஸ்லோ’ என்றால் வெண்ணெய். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பெரும் தவக்காலத்துக்கு முந்தைய வாரம் இது. இறைச்சி அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடும். பால், வெண்ணெய், முட்டை, மீன் இந்த ஏழு நாளும் உண்டு. அதன் பிறகு அவையும் நின்றுவிடும் என்பதால்தான் இந்த வாரத்தில் வெண்ணெய் இப்படி வழிகிறது. ஈஸ்டரைப் பின்பற்றி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2026இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை, 2027இல் மார்ச் 8 முதல் 14 வரை. பழைய தேதியை நம்பிப் பயணத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலம் சாம்பல் புதனில்தானே தொடங்கும்?

உங்களுக்கு அப்படித்தான். ஆர்த்தடாக்ஸ் மரபில் சாம்பல் புதன் கிடையாது. தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும்.

இந்த வாரத்தில் சுடும் பிளினி என்பது நம் தோசைதானே?

உறவு சொல்லலாம், ஒன்றென்று சொல்ல முடியாது. ஒன்றானால் பிளின், பலவானால் பிளினி. பழைய முறையில் பக்வீட் என்ற தானியத்தின் மாவை வெதுவெதுப்பான பாலிலும் ஈஸ்டிலும் கரைத்துப் பொங்க விடுவார்கள். பிறகு மறுபடி மாவு சேர்த்து இன்னொரு முறை பொங்க விடுவார்கள். நம் மாவு உளுந்தின் துணையோடு தானே புளிக்கிறது, அங்கே ஈஸ்ட் போட வேண்டும். வார்ப்பு இரும்புக் கல்லில்தான் சுடுவார்கள். எண்ணெய் தடவுவதற்கு உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, வெங்காயத்தை வெட்டிக் கல்லில் தேய்க்கும் என் அம்மாவின் கைதான் கண்ணில் நின்றது. ‘முதல் பிளின் உருண்டையாகப் போகும்’ என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டுக்கொள்ள உருக்கிய வெண்ணெய், ஸ்மெதானா என்ற புளித்த பாலேடு, தேன், ஜாம் எல்லாம் உண்டு. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறைச்சி இல்லாத வாரம்தான், ஆனால் மீனும் மீன்முட்டையும் தாராளமாக இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இந்த வாரத்தில் மாமியாருக்கென்றே ஒரு நாள் உண்டாமே, என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு. திங்கள் வரவேற்பு, செவ்வாய் விளையாட்டு. புதன்கிழமை மாமியார் மருமகனை அழைத்துப் பிளினி சுட்டுப்போடுவார். வெள்ளி மாலை அதற்குப் பதில் மரியாதை, மாமியார் மருமகன் வீட்டுக்கு வருவார். வியாழனில்தான் முழுக் கொண்டாட்டம் தொடங்கும். சனிக்கிழமை புது மருமகள் நாத்தனார்களை அழைப்பாள். ஞாயிறு மன்னிப்பின் நாள்.

வட்டமான பிளின் சூரியனின் வடிவம். இது கிறித்தவத்துக்கு முந்தைய சூரிய வழிபாடு என்பதை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்?

அது நிறுவப்படாத ஊகம் என்பதால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லா வழக்கத்துக்கும் சூரியனையும் இடியையும் காரணம் காட்டிய ஓர் ஆய்வு மரபு இருந்தது. ரஷ்ய நாட்டார் கதைகளைத் தொகுத்த அஃபனாசியெவ் அதில் முதன்மையானவர். சூரிய விளக்கம் அங்கிருந்துதான் பரவியது. கல்லில் மாவை ஊற்றினால் வட்டமாகத்தான் பரவும், அதற்குச் சூரியன் தேவையில்லை. ரஷ்யர்கள் இறந்தவர்களுக்கான நினைவு விருந்திலும் பிளினி படைக்கிறார்கள். இந்த வாரத்தில் முதல் பிளினை முன்னோருக்கென்று எடுத்துவைக்கும் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. 1963இல் நாட்டாரியல் அறிஞர் விளாதிமிர் புரோப் பிளினை இறந்தோர் நினைவோடு சேர்த்துப் பார்த்ததற்கு இதுதான் காரணம். எனக்கு அந்த வழியே உண்மைக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது.

அடுத்த மஸ்லெனித்சா எப்போது?

முதல் பதிலில் இருக்கிறது.

சூரியனைப் பற்றிக் கேட்டவன்தான். இந்த விழாவில் குளிர்காலத்தின் உருவாக வைக்கோல் பொம்மையை எரிப்பது எந்த வேதாகமத்தில் இருக்கிறது? இளவேனில் சமஇரவு நாளின் விழாவை நகர்த்தியது திருச்சபைதானே?

பொம்மை எரிப்பு திருச்சபைச் சடங்கு என்று நான் சொல்லவில்லை. அது உழவர் வழக்கம், பழையதுதான். ஆனால் எல்லா ஊரிலும் இருந்ததில்லை. பல இடங்களில் வெறும் தீ மூட்டினார்கள். சைபீரியாவில் பனிக்கோட்டை கட்டி, குதிரையில் பாய்ந்து உடைத்தார்கள். கிரஸ்னயார்ஸ்கில் பிறந்த சூரிக்கோவ் 1891இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் அந்த விளையாட்டைத்தான் காட்டுகிறது. சமஇரவு மார்ச் 20 வாக்கில் வருகிறது. 2026இல் மஸ்லெனித்சா முடிவது அதற்கு நான்கு வாரம் முன்னால். நகர்த்தினார்கள் என்று சொல்பவர், நகர்த்துவதற்கு முன் எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். ரஷ்யா கிறித்தவத்தை ஏற்ற 988க்கு முன் இந்த விழாவைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

நம் போகி போல என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

வேண்டாம். போகியில் எரிவது பழைய பொருள். அங்கே எரிவது பெண்ணுருவில் உடுத்திவிட்ட குளிர்காலம்.

தீயைப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஆசை. என்ன உடை அணியலாம்?

கம்பளி. செயற்கை இழை மேல்சட்டையோடு தீயருகே போகவே கூடாது. காய்ந்த வைக்கோல் பற்றும்போது பொறி காற்றோடு பறக்கும். என் பக்கத்தில் நின்ற மாணவனின் தோளில் ஒரு பொறி விழுந்து, நைலான் உருகிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. பனியை அள்ளித்தான் அணைத்தோம். உறைந்த ஆற்றின் மேலும் நடக்காதீர்கள். அந்தப் பருவத்தில் பனிக்கட்டி மேலே உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் இளகியிருக்கும்.

எந்த மாதம் டிக்கெட் எடுக்கலாம்? விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

இது இன்றைக்கு மூன்றாவது முறை. தேதி மேலே இருக்கிறது. விசாவுக்குத் தூதரகத்தைக் கேளுங்கள்.

நானும் சூரியக் கட்சிதான். ரஷ்ய இணையதளங்களே அப்படித்தானே எழுதுகின்றன?

எழுதுகின்றன. சோவியத் காலத்தில் இதன் சமயப் பகுதியை நீக்கி, ‘ரஷ்யக் குளிர்காலத்துக்கு விடைகொடுத்தல்’ என்ற பெயரில் பூங்காக்களில் கொண்டாட வைத்தார்கள். பொம்மையும் பாட்டும் பிளினும் நிலைத்தன, மன்னிப்பின் ஞாயிற்றுக்கிழமை மங்கியது. அந்த மன்னிப்பின் நாளை விட்டால் சூரியக் கதைதான் மிஞ்சும். எனக்கு வருத்தம் அதில்தான். இனி சூரியனைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னதான் நடக்கும், ஐயா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அன்று ஒருவரிடம் ஒருவர் “என்னை மன்னித்துவிடு” என்பார்கள். “கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்” என்பது மறுமொழி. கோயிலில் பாதிரியாரே மக்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி, முதல் ஆண்டு அந்த மாலையில் என் அறைக் கதவைத் தட்டினார். மாவு படிந்த சமையல் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். விரல் நுனி தரையைத் தொடும்படி குனிந்து, அறையில் விளக்கு வீணாக எரிகிறது என்று குளிர்காலம் முழுவதும் என்னைக் கடிந்துகொண்டதற்காக மன்னிக்கச் சொன்னார். எனக்கு அந்த மறுமொழி அப்போது தெரியாது. பதறி நானும் குனிந்தேன். அவரே மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன். மறுநாள் காலை மேஜையில் வெண்ணெய்க் கிண்ணம் இல்லை.