சர்கம்லொக்யூஷன் என்றால் என்ன? எங்கே பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துப் பேசுவதைக் குறிக்கும் பெயர்ச்சொல் இது. 'சுற்றி', 'பேசு' என்ற பொருளுள்ள லத்தீன் சொற்களிலிருந்து வந்தது.

பெரும்பாலும் குறை சொல்லும் தொனியில் வரும். "பணத்தை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால், "எல்லா அம்சங்களையும் பரிசீலித்து, உரிய நேரத்தில், சூழ்நிலையைப் பொறுத்து..." என்று பதில் நீள்கிறதே, அதுதான்.

ஆனால் எப்போதும் குறையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குப் பொருள் தெரியும், அதன் பெயர் மட்டும் நாக்கில் வராது. கடிகாரத்தை, "நேரம் பார்க்கக் கையில் கட்டுவோமே, அது" என்பார்கள். மருத்துவத்தில் இதற்கும் இதே சொல்தான். இங்கே அது மழுப்பல் இல்லை, பேச்சைக் கைவிடாமல் தொடரும் முயற்சி. பேச்சுச் சிகிச்சையில் இதை ஒரு உத்தியாகவே பழக்குகிறார்கள். புது மொழி கற்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்: சொல் வரவில்லையா, விவரித்துவிடுங்கள்.

அப்புறம், இதை யூஃபமிசத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'இறந்தார்' என்பதை 'காலமானார்' என்று மென்மையாக்குவது யூஃபமிசம். அதற்கு நீளம் தேவையில்லை.

சர்கம்லொக்யூஷன் கொஞ்சம் கனமான, எழுத்துநடைச் சொல். நண்பர்களிடம் பேசும்போது 'பீட்டிங் அரவுண்ட் த புஷ்' என்பதே இயல்பாக இருக்கும்.