பதினேழாவது ஜேர்சி

கேள்வி: பதினாறு உதைபந்தாட்ட ஜேர்சிகள் வைத்திருக்கிறேன். பந்தைத் தொட்டதில்லை. சம்பளம் வந்ததும் அடுத்ததைத் தேடுகிறேன். இது நோயா? (வாசகர், கல்லடி)

பதில்: நோயென்றால் நானும் நோயாளிதான். கல்முனையில் வாங்கிய மூன்று நட்சத்திர ஆர்ஜென்டினா ஜேர்சி என் அலுமாரியில் பொலித்தீன் உறையோடு கிடக்கிறது. நகல்தான், கழுத்தோரம் நூல்கூடப் பிரிந்திருக்கிறது. ஆசையாய்க் கேட்ட மருமகனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தேனே தவிர, அதைக் கொடுக்கவில்லை. கைக்கு வந்த பொருளுக்கு மனம் கூடுதல் விலை போடும். 1980இல் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் இதற்கு ‘உடைமை விளைவு’ என்று பெயரிட்டார். கழகங்களோ பருவந்தோறும் சட்டையை மாற்றுகின்றன. சேகரிப்பு எங்கே நிறையும்? மரடோனா 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக அணிந்தது 2022இல் 71 இலட்சம் பவுணுக்கு ஏலம் போனது. உங்களுடையதை அவர் அணியவில்லையே! சம்பள நாளில் மட்டும் வாங்காதீர்கள். பத்து நாள் கழித்தும் கண்ணுக்குள் நின்றால் வாங்கி, போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள்.