உராய்வு இயக்கத்தை எதிர்க்கிறதா, இல்லை உதவுகிறதா?

கேள்வி: மகள் தொடக்கநிலை 6 படிக்கிறாள். உராய்வு விசை இயக்கத்தை எதிர்க்கும் என்று பாடத்தில் இருக்கிறது. உராய்வு இல்லாவிட்டால் நடக்கவே முடியாது என்றும் அதே பாடத்தில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் பிஎஸ்எல்இ தேர்வில் கேட்க மாட்டார்கள், எதிர்க்கும் என்று எழுது, மார்க் வரும்" என்று சொல்லித் தப்பித்தேன். உண்மை என்னவென்றால் எனக்கே விடை தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உராய்வு எதிர்ப்பது வழுக்கலை. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளில் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கப் பார்த்தால் அது குறுக்கே வந்து நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சறுக்கலைத் தடுப்பதால் சில இடங்களில் பொருள் நின்றுபோகும், சில இடங்களில் அதே காரணத்தால் பொருள் நகரும். பாடத்தில் வரும் 'இயக்கம்' என்ற சொல்லுக்கு 'இரண்டு பரப்புகளுக்கு இடையேயான இயக்கம்' என்று பொருள் வைத்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. ஒரு டாலர் காசும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகமும் எடுங்கள். புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன் நடுவில் காசை வையுங்கள். இப்போது புத்தகத்தை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். காசும் கூடவே வரும். மகளிடம் கேளுங்கள்: காசை யார் இழுத்தது? நீங்கள் அதைத் தொடவில்லை, பசை இல்லை, நூல் இல்லை. சும்மா இருந்த பொருள் நகரத் தொடங்கினால் ஏதோ ஒரு விசை அதைத் தள்ளியிருக்க வேண்டும், நியூட்டன் 1687-லேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். காசைத் தொட்டுக்கொண்டிருப்பது புத்தக அட்டை மட்டும்தான், ஆக அதைத் தள்ளியது அட்டையின் உராய்வு. எந்தப் பக்கம் தள்ளியது? காசு போன பக்கமே.

அப்புறம் புத்தகத்தை வெடுக்கென்று இழுங்கள். காசு பின்னால் தங்கிவிடும், சில சமயம் புத்தகத்தை விட்டே விழும். ஆனால் முதலிலேயே காசுக்கு நேராக மேசையில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருந்தால் ஒன்று தெரியும்: 'பின்னால் போன' காசு, டேப்பைப் பொறுத்தவரை கொஞ்சம் முன்னால்தான் வந்திருக்கும். வழுக்கிக்கொண்டிருந்தபோதும் உராய்வு அதை முன்னால்தான் தள்ளியது, ஆனால் புத்தகத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அந்தத் தள்ளல் போதவில்லை. (காசின் மேல் இன்னொரு காசை அடுக்கினால் வழுக்காது என்று பல பேர் நினைப்பார்கள். எடை கூடினால் உராய்வு கூடும், உண்மைதான், ஆனால் இழுத்துக்கொண்டு போக வேண்டிய நிறையும் அதே அளவு கூடிவிடுகிறது, அதனால் ஏறக்குறைய அதே வெடுக்கில்தான் வழுக்கும். செய்து பாருங்கள்.)

இந்தக் காசுதான் எம்ஆர்டி ரயிலில் நிற்கும் நீங்கள். ரயில் கிளம்பும்போது வினாடிக்கு வினாடி அதன் வேகம் வினாடிக்கு சுமார் 1 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ உள்ள ஒருவரை அதே வேகத்துக்குக் கொண்டுவர 50 நியூட்டன் விசை வேண்டும், அதாவது 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கத் தேவைப்படும் அளவு. கம்பியைப் பிடிக்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த 50 நியூட்டனைக் கொடுப்பது யார்? செருப்பின் அடியும் ரயிலின் தரையும்தான், வேறு யாரும் இல்லை. ரயில் முன்னால் போகிறது, உராய்வும் அவரை முன்னால் தள்ளுகிறது. அப்படியானால் ஏன் பின்னால் சாய்கிறார்? தள்ளல் கிடைப்பது பாதத்துக்கு, தலையும் தோளும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. கீழே இருப்பது போகிறது, மேலே இருப்பது தங்குகிறது, அது நிலைமம். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் வந்த பிறகு ஒருநாள் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. உறைத்தபோது அவள் உயர்நிலைக்கே போய்விட்டாள்.

நடப்பதும் இதே கதை. கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. உராய்வு இல்லாவிட்டால் பாதம் பின்னால் வழுக்கும், நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். வழுக்க விடாமல் தரை பாதத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா ஈரச் சந்தையில் மீன் கடைப் பக்கம் நடப்பவர்களின் கால்களைக் கவனித்துப் பாருங்கள், எல்லாரும் சின்னச் சின்ன அடியாகத்தான் வைப்பார்கள். பெரிய அடி வைத்தால் கால் தரையைச் சாய்வாகத் தள்ளும், அதற்கு உராய்வு நிறைய வேண்டும், ஈரத் தரையிடம் அவ்வளவு இருக்காது. காய்கறிப் பையோடு வரும் பாட்டிமார் யாரும் இயற்பியல் படித்துவிட்டு அப்படி நடக்கவில்லை, ஆனால் கணக்கு சரியாகத்தான் போடுகிறார்கள்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ உயர்நிலை 3 படித்தால் அடுத்த குழப்பம் காத்திருக்கிறது: ஒரு பொருளுக்கு உராய்வு என்றால் ஒரே எண் என்று நினைத்துக்கொள்வார்கள். வீடு மாறியபோது நானும் என் மச்சானும் ஃப்ரிட்ஜ் தள்ளினோம். 80 கிலோ என்று வையுங்கள், எடை 800 நியூட்டன். நான் 100 நியூட்டனில் தள்ளினால் தரை 100 திருப்பித் தரும், 300 தள்ளினால் 300 தரும், ஃப்ரிட்ஜ் அசையாது. தரை நமக்குச் சரிக்குச் சரி நின்றுகொண்டே வரும், ஒரு எல்லை வரைக்கும். அந்த எல்லை 400 என்று வைத்துக்கொண்டால், 401-இல் பிடி விட்டுப்போகும். விட்டபிறகு உராய்வு 300 போலக் குறைந்துவிடும், ஏனென்றால் நகரும் பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வு நிற்கும்போது இருக்கும் எல்லையைவிடப் பொதுவாகக் குறைவு. நான் இன்னும் 401-இல்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் எகிறிப் போய் அந்தப் பக்கம் நின்ற மச்சானின் கால் கட்டைவிரலில் ஏறியது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு அடியில் பழைய கைலியை மடித்துப் போட்டோம், ஒரு கையால் தள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துத் தள்ளினால் தொடும் பரப்பு கூடும், உராய்வும் கூடுமா? கூடாது. எடைதான் கணக்கு, பரப்பளவு இல்லை. டா வின்சி இதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார், 1699-இல் பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் மறுபடி கண்டுபிடித்தார், 1785-இல் கூலோம் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இன்னும் விரிவாகச் சோதித்தார். (ரப்பர் மட்டும் இந்த விதிக்கு முழுசாக அடங்காது, அது தனிக் கதை.)

டயரில் வரிகள் எதற்கு என்ற கேள்விக்குப் பிள்ளைகள் 'உராய்வைக் கூட்ட' என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். பாதிதான் சரி. மரினா பேயில் 2008-இலிருந்து நடக்கும் எஃப்1 கார் இரவுப் பந்தயத்தைப் பார்த்தால் தெரியும்: காய்ந்த சாலையில் அந்தக் கார்கள் வரியே இல்லாத மொழுமொழு டயரில்தான் ஓடும், மழை பிடித்தால்தான் வரி போட்ட டயரை மாட்டுவார்கள். வரியின் வேலை அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. தண்ணீர் போனால் ரப்பர் சாலையைத் தொடும், தொட்டால் பிடிக்கும். பள்ளிக் காலணியின் அடியில் இருக்கும் வரிகளும் அப்படித்தான்.

தேர்வுக்கு வருவோம். அவள் எழுதப்போவது ஆங்கிலத்தில்தான், எந்த மொழியானாலும் 'தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே' என்ற பகுதியை விடாமல் எழுதச் சொல்லுங்கள். எந்த இரண்டு பரப்புகள் என்று பெயர் சொல்லியும் எழுதட்டும்: காலணியின் அடியும் தரையும், டயரும் சாலையும். அதை எழுதினாலே எந்தப் பரப்பு எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது என்று யோசித்தாக வேண்டும், அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் உராய்வு.

அவளுக்குப் புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். எம்ஆர்டியில் காதிப் நிலையத்திலிருந்து இயோ சூ காங் நிலையம் வரைக்கும் நடுவில் நிலையமே இல்லாத நீண்ட ஓட்டம் இருக்கிறதல்லவா, அதன் நடுவில் ரயில் ஒரே சீரான வேகத்தில், நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது அவள் காலணி மேல் செயல்படும் உராய்வு எந்தப் பக்கம்? 'முன்னால்' என்றுதான் முதலில் சொல்வாள், ரயில் அவ்வளவு வேகமாகப் போகிறதே. விடை: எந்தப் பக்கமும் இல்லை, பூஜ்யம். அவளும் ரயிலும் ஒரே வேகத்தில் போகிறார்கள், காலணி எந்தப் பக்கமும் வழுக்கப் பார்க்கவில்லை, தடுக்க ஒன்றுமில்லை. இயோ சூ காங்கில் ரயில் பிரேக் போடும்போது மறுபடி உராய்வு வரும், இந்த முறை பின்பக்கமாக. அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.