ரப்பர் விளையும் காடும் - ஒரு கடிதம்

அண்ணாச்சி வணக்கம்,

எனக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போறவரு, எங்களுக்கும் 60 சென்ட் ரப்பர் இருக்கு. சென்னையில கூட வேலை பாக்குத பிரெண்ட் ஒருத்தன் லீவுக்கு வந்தான், பேச்சிப்பாறை போற வழி முழுக்க ரப்பரா நிக்கத பாத்துட்டு "காட்ட கொன்னுட்டுல்லா இத வச்சிருக்கீங்க"ன்னுட்டான். அப்பா கேட்டுட்டு ஒண்ணும் பேசல. எங்க மரத்துக்கு 28 வயசாச்சு, அடுத்த வருஷம் வெட்டணும். திரும்ப ரப்பரே வைக்கவா, காட்டு மரம் வைக்கவா? உலகத்துக்கு டயரும் வேணும் கட்டிலும் வேணும் காடும் வேணும்னா என்னதான் செய்ய?

தம்பி,

பிரெண்ட் சொன்னதுல பாதி சரி. அந்தப் பக்கம் ஒரு காலத்துல காடுதான், அத மறைக்க முடியாது. அதவிட எனக்கு எரிச்சல் என்னன்னா, நம்ம நாட்டு வன அறிக்கையில ஒரு ஹெக்டேருக்கு மேல இடம் இருந்து அதுல 10 சதவீதம் மர நிழல் விழுந்தா அது வனப்பரப்பு, யாரு இடம், என்ன மரம்னு கேள்வி கிடையாது. சேட்டிலைட்டுக்கு ரப்பரும் பச்சை, சோலையும் பச்சை. காளிகேசத்துல காட்டுக்குள்ள பத்து நிமிஷம் நின்னுட்டு வந்து ரப்பருக்குள்ள நில்லுங்க, கீழ சருகும் மேல ஒரே உசர மரமும், பறவைச் சத்தம் கூட குறைஞ்சு போவும்.

ஆனா மீதிப் பாதிய அவன் யோசிக்கல. அவன் வந்த பஸ்ஸோட டயர்ல மரத்து ரப்பர் இருக்கு, பிளேன் டயர்னா பெரும்பாலும் அதுதான். நம்ம ரப்பர் விளைய, அதான் தோப்ப, அழிச்சா டயர் வாங்குறது நிக்காது, வேற எங்கயோ ஒரு காட்ட வெட்டி அங்க ரப்பர் வைப்பான், அவ்வளவுதான். 1990ல இருந்து 2020க்குள்ள உலகத்துல 42 கோடி ஹெக்டேர் காடு போயிருக்குன்னு ஐநா உணவு வேளாண்மை அமைப்பு கணக்கு சொல்லுது, காட்டழிப்புல 90 சதவீதத்துக்கு கிட்ட பயிருக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும்தான். அதனால நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான், நமக்கு வேண்டியத நிக்குற காட்டுல இருந்து எடுக்கோமா, எப்பவோ வெட்டின நிலத்துல இருந்தே திரும்பத் திரும்ப எடுக்கோமா.

என் கதையச் சொல்லுதேன். வீடு வைக்கும்போ காட்டுத் தேக்குதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஆசாரி சிரிச்சுட்டு "கதவுக்கு வாங்குங்க அண்ணாச்சி, அலமாரிக்கு எதுக்கு, ரப்பர் தடி, அந்த மரத்துப் பலகையே போதும்"னாரு. ரப்பர் தடியா, எங்க அம்மா அடுப்புல வச்சதுல்லான்னு கேட்டேன். எங்க சின்ன வயசுல அது விறகுதான், செங்கச்சூளைக்குப் போவும். வெட்டி நாலஞ்சு நாள் சும்மா கிடந்தா நீலமா பூஞ்சை பிடிச்சுரும், பெறவு வண்டு தொளைக்கும், அதனால எவனும் தொடமாட்டான். போரக்ஸ், போரிக் ஆசிட் கரைசல பிரஷர்ல தடிக்குள்ள ஏத்தி சூளையில காய வைக்கத் தொடங்கின பெறவுதான் மலேசியாவுல அத மேசை நாற்காலியா பண்ணி உலகம் பூரா வித்தாங்க. இங்கயும் பிளைவுட் கம்பெனிக்கு லாரி லாரியா கேரளாவுல பெரும்பாவூருக்குப் போகுது. என் அலமாரி இன்னும் நிக்குது, ஒரு கதவு மட்டும் மழைக்கு இறுகும், அது ஆசாரி மேல உள்ள குத்தம். இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் கொடுத்துட்டு கடைசியில பலகையாவும் போற மரம், அதுக்குப் பதிலா அந்தப் பலகை காட்டுல இருந்து வரணும்னா எத்தன மரம்னு பாருங்க.

ஐரோப்பாக்காரன் 2023ல ஒரு சட்டம் போட்டான், 2020 டிசம்பர் 31க்குப் பெறவு காட்ட அழிச்ச நிலத்துல விளைஞ்ச ரப்பர், காப்பி, பாமாயில் எதுவும் உள்ள வரப்படாதுன்னு. அமலாக்குறத தள்ளித் தள்ளிப் போடுதாங்க, அது வேற கூத்து, ஆனா கோடு கிழிச்ச இடம் சரி. கோஸ்டாரிகா 1996லயே காட்ட வேற நிலமா மாத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டு, பெட்ரோல் வரியில ஒரு பங்க எடுத்து காடு வச்சிருக்க விவசாயிக்கே கொடுத்தாங்க. காட்டக் காப்பாத்துன்னு ஏழைகிட்ட வெறும் வாயால சொன்னா அவன் என்ன செய்வான்?

 

உங்க 60 சென்ட்ல ரப்பரே வைங்க. வீட்டுல அதுதான சோறு. ஓடை இருந்தா ஓடைக்கரையில மட்டும் ரப்பர் வேண்டாம், அயனியும் (காட்டுப்பலா) பலாவும் விடுங்க, பழைய விளையெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு, அப்பாகிட்ட கேளுங்க, அவருக்கு எந்த எடத்துல எது நின்னுதுன்னு தெரியும். பெறவு ஒண்ணு, வெட்டுக்கு நாள் குறிக்கும்போ லாரி வர்ற நாளையும் சேத்துப் பேசிக்கிடுங்க, மழையில தடி ஒரு வாரம் கிடந்தா வியாபாரி விறகு ரேட்டுக்குத்தான் கேப்பான்.