வாசகர் கேள்வி – பதில்: வேட்டை நாய்க்குட்டிக்குத் தடம் பழக்குதல்

கேள்வி: வணக்கம் ஐயா. பென்னாகரம் வட்டத்தில், காப்புக்காட்டை ஒட்டிய ஊரில் வசிக்கிறோம். என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் முயல் பிடிக்கும் நாய்கள் இருந்தன. அந்த ஆசையில் தென் மாவட்டத்திலிருந்து ஒரு கன்னி இனக் குட்டியை வாங்கி வந்திருக்கிறேன். அதற்கு மூன்று மாதம் ஆகிறது. வேட்டைக்கும், விலங்கின் தடம் பிடித்துச் செல்வதற்கும் அதை எப்படிப் பழக்க வேண்டும்? உயிருள்ள எலியைக் கவ்வ விட வேண்டும், பட்டினி போட்டால்தான் வேட்டைக் குணம் வரும் என்று ஊரில் சொல்கிறார்களே, அது சரியா? எங்களுக்கு ஆட்டுப் பட்டியும் உண்டு.
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைக் கேட்டிருக்கிறீர்கள். தடம் பிடிக்கப் பழக்குவது ஒன்று. அந்தத் தடத்தின் முடிவில் ஒரு காட்டு உயிரைப் பிடிக்க விடுவது இன்னொன்று. முதலாவதை எனக்குத் தெரிந்த அளவுக்கு முழுமையாகச் சொல்கிறேன். இரண்டாவதைச் சொல்லித்தர மாட்டேன். நீங்களும் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். ஆகவே நாயை ஏவிவிட்டு நீங்கள் வரப்பிலேயே நின்றிருந்தாலும் குற்றம் உங்களுடையது. முயல், மான், கவுதாரி, காட்டுப்பன்றி அனைத்தும் இச்சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உடும்பைப் போல முதல் அட்டவணையில் உள்ள உயிரென்றால் சிறைத் தண்டனை 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை போகும். கோயில் பாரிவேட்டை என்று சொல்வதாலும் விலக்குக் கிடைக்காது. அதோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் கணிசமான பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வந்துவிட்டது. உங்கள் தாத்தா நாயோடு நடந்த காடு இன்று அந்த எல்லைக்குள் இருக்கக்கூடும்.

இனி குட்டிக்கு வருவோம். கன்னி, சிப்பிப்பாறை, இராஜபாளையம் ஆகியவை கண்ணால் கண்டு, காலால் துரத்தும் இனங்கள். ஒல்லி உடலும் ஆழ்ந்த மார்பும் நீண்ட முகமும் அந்த ஓட்டத்துக்காகவே அமைந்தவை. தரையில் மூக்கை வைத்து மணிக்கணக்கில் தடம் பிடிப்பவை பிளட்ஹவுண்ட், பீகிள், பாசெட் போன்ற வெளிநாட்டு இனங்கள். அதனால் உங்கள் குட்டிக்குத் தடம் பழகாது என்று எண்ண வேண்டாம். மோப்பத் திறன் எல்லா நாய்க்கும் உண்டு. உங்கள் குட்டி இடையிடையே தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்கும், தூரத்தில் ஏதாவது அசைந்தால் தடத்தை விட்டுவிட்டுப் பாயப் பார்க்கும்; அதற்குத் தகுந்தபடி கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தடம் பழக்குவதற்கு முன்னால் கூப்பிட்டால் வரும் பழக்கம் உறுதியாக வேண்டும். ஓடும் இன நாய்க்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்பது என் திடமான கருத்து. பெயர் சொல்லியோ ஒரே மாதிரியான விசில் கொடுத்தோ கூப்பிட்டு, வந்தவுடன் ஒரு துண்டு வேகவைத்த ஈரலைக் கொடுங்கள். தாமதமாக வந்ததற்காக ஒருபோதும் அடிக்காதீர்கள். வந்ததற்காகவே அடி விழுந்தது என்றுதான் அது புரிந்துகொள்ளும், அடுத்த முறை வராது.

தடப் பயிற்சியை மூன்று மாதத்திலேயே தொடங்கலாம். ஆனால் தடுப்பூசி வரிசை முடியும்வரை உங்கள் சொந்தக் கொல்லையைத் தாண்டி, தெருநாய்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் குட்டிகளை வெகு சீக்கிரம் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் தொடர வேண்டும். நம் நாயின் நோய் காட்டுக்குள்ளும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களின் உடலில் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது.

விடியற்காலையில், பனி ஈரம் காயாத தரையில் தொடங்குங்கள். மனிதனோ விலங்கோ நடக்கும்போது உடலிலிருந்து உதிரும் நுண்ணிய தோல் துகளும், மிதிபட்ட புல்லும் கிளறப்பட்ட மண்ணும் விடுகிற வாசனையும் சேர்ந்ததுதான் தடம். ஈரத்தில் அது நிற்கும். சித்திரை வெயில் ஏறிவிட்டால் காய்ந்து கலைந்துவிடும். குட்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் குறுகிய அடிகளாக ஒரு பத்துப் பதினைந்து அடி நேராக நடந்து, ஒவ்வொரு காலடியிலும் ஒரு சிறு ஈரல் துணுக்கை வைத்து, கடைசியில் ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள். காற்று குட்டியின் முதுகுப்பக்கத்திலிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றாக இருந்தால் தரையை முகராமலே காற்றில் வரும் வாசனையைப் பிடித்து நேராகக் கிண்ணத்துக்குப் போய்விடும், தடம் கற்றுக்கொள்ளாது. கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் எட்டுப் பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டுங்கள். கழுத்து இறுகினால் குட்டி மூக்கைத் தூக்கிவிடும்.

நாளாக ஆக ஈரல் துணுக்குகளைக் குறைத்து, தூரத்தைக் கூட்டி, ஒரு திருப்பத்தைச் சேருங்கள். அந்தத் திருப்பத்தில்தான் குட்டியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நேராக வந்த வேகத்தில் திருப்பத்தை இரண்டு மூன்று அடி தாண்டிப் போகும். சட்டென்று தலை உயரும், வால் ஆட்டம் நிற்கும், மூச்சு மாறும். பிறகு அரைவட்டமாகச் சுற்றி முகர்ந்து வந்து, தடத்தைத் தொட்ட கணத்தில் கழுத்து தாழ்ந்து கயிறு விறைக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, கையால் வழி காட்டக் கூடாது, கயிற்றை இழுக்கக் கூடாது. காட்டிக் கொடுத்தால் அடுத்த தடவை தன் மூக்கை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுங்கள். போகப் போக, நடந்து பத்து நிமிடம் ஆன தடம், அரை மணி ஆன தடம் என்று பழையதாக்கலாம்.

தடத்தின் முடிவில் இரை கிடைக்காவிட்டால் நாய்க்கு ஆர்வம் போய்விடும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004-இல் சட்டம் இயற்றி 2005 முதல் தடை செய்தார்கள். ஆனால் சோம்பு எண்ணெய் தோய்த்த துணியைத் தரையில் இழுத்துச் சென்று, அந்த வாசனைத் தடத்தில் நாய்களை ஓடவிடும் வழக்கம் அங்கே அதற்கும் முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த நாய்கள் எந்த உயிரையும் துரத்தாமலே உற்சாகமாக ஓடுகின்றன. நாய்க்கு இன்பம் தேடுவதிலும் கண்டுபிடிப்பதிலும் இருக்கிறது.

உங்களிடம் பட்டி இருப்பதால் அந்த இன்பத்துக்கு நல்ல வேலை கொடுக்கலாம். சாயங்காலம் மந்தை திரும்பும்போது ஒரு ஆடு குறைந்தால் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பழகிய ஒரு வெள்ளாட்டை யாரையாவது நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் புதருக்குப் பின்னால் கட்டச் சொல்லுங்கள். அதன் கழுத்தில் கிடந்த கயிற்றைக் குட்டிக்கு முகரக் கொடுத்து, எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி அனுப்புங்கள். ஆட்டைக் கண்டதும் குட்டி பாயாமல் நிற்க வேண்டும். நின்றால் ஈரல், பாய்ந்தால் ஒன்றும் கிடையாது. முதலில் கூட்டிப் போகிறவரின் வாசனையும் கலந்திருக்கும். பிறகு வேறு வேறு ஆட்களைக் கொண்டு செய்தால் எல்லாத் தடத்திலும் பொதுவாக இருப்பது ஆட்டு வாசனைதான் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கால்நடையைக் காத்ததற்காகத்தான் அந்த நாய்க்கு அந்த மரியாதை கிடைத்தது.

பட்டினி போடுவது, உயிருள்ள எலியைக் கவ்வ விடுவது, காதை வெட்டுவது எல்லாம் கொடுமை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டமும் பிராணிகளை வதைப்பதைத் தண்டிக்கிறது. பசியால் வாடும் குட்டிக்குக் கவனம் நிற்காது. களி மட்டும் ஊற்றி வளர்த்தாலும் போதாது. முட்டை, வேகவைத்த கோழிக்கறி, தயிர் சேருங்கள். வெங்காயமும் வேகவைத்த எலும்பும் வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடாதீர்கள். வளரும் எலும்பின் முனைகள் அதைத் தாங்காது.

கேள்வி: ஐயா, அஞ்செட்டி பக்கம் எங்கள் ராகிக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. எட்டு மாத நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. பன்றியின் தடம் பிடித்து விரட்டப் பழக்கலாமா?
– ஒரு விவசாயி, அஞ்செட்டி

பதில்: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. விளைந்த கதிரை ஒரே இரவில் உழுது போடும் விலங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. ஆனாலும் தடம் பிடித்துக் காட்டுக்குள் போகப் பழக்காதீர்கள். குட்டிகளோடு இருக்கும் பன்றி எதிர்த்து நிற்கும். ஆண் பன்றியின் கோரைப்பல் ஒரே வீச்சில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். உங்கள் பகுதியில் யானையும் உண்டு. நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பயந்து திரும்பி உங்களிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே யானையும் வரும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை (வெடிமருந்து பொதிந்த தீனியை) கடித்து வாய் சிதறுகிற நாய்களும் இருக்கின்றன.

நாயைக் கொல்லைக்குள் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலியை ஒட்டி உட்புறமாகத் தினமும் கயிற்றில் நடத்தி, எல்லையைப் பழக்குங்கள். வேலிக்கு வெளியே சத்தம் கேட்டுக் குரைத்தால் பாராட்டுங்கள். வேலியைத் தாண்டப் பார்த்தால் கூப்பிட்டுத் திருப்பி, திரும்பியதற்குத் தீனி கொடுங்கள். அது குரைக்கும், நீங்கள் டார்ச் அடித்துத் தகரம் தட்டுவீர்கள்; பெரும்பாலும் பன்றி விலகிப் போகும். இரவில் சங்கிலியில் கட்டி வெளியே விடாதீர்கள். சிறுத்தை நடமாடும் ஊரில் கட்டிப்போட்ட நாய் எளிதான இரை. நான்கு பக்கமும் மேலேயும் கம்பி வலை அடித்த கூண்டுக்குள், கொல்லையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன. அடுத்த முறை மனிதரும் மடியலாம். காட்டுப்பன்றியைச் சுட்டுப் பிடிப்பது பற்றித் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், அதுவும் வனத்துறையினரே சுட முடியும். ஆகவே சேதமான பயிரைப் படமெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து மாத சிப்பிப்பாறைக் குட்டி கோழிகளைத் துரத்துகிறது. பக்கத்து வீட்டில் தினமும் சண்டை. என்ன செய்வது ஐயா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: அம்மா, துரத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது, அதற்காக அடிப்பதில் பயனில்லை. குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழியைப் பார்த்தும் பதறாத தூரத்தில் உட்காருங்கள். அது கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுங்கள். சில நாள் கழித்து இரண்டடி நெருங்குங்கள்; பதறினால் பின்வாங்குங்கள். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியம் குட்டியைப் புண்ணாக்குமே தவிர எதையும் கற்றுத்தராது. காலையிலும் மாலையிலும் மேலே சொன்ன தடப் பயிற்சியைக் கொடுத்தால் அதன் ஆசைக்கு வேறு வழி கிடைக்கும். பழகி முடியும் வரை, ஆள் இல்லாத நேரத்தில் குட்டியையும் கோழியையும் ஒரே வாசலில் விடாதீர்கள். பகலில் குட்டியை நிழலில் தண்ணீர் வைத்து அடைத்து வையுங்கள்.