மாடி ஒழுகுகிறது, வங்கி டாப்-அப் தருகிறேன் என்கிறது: எதை முதலில் செய்வது?

கேள்வி: திருச்சி கருமண்டபத்தில் 12 வருடப் பழைய தனி வீடு ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 30 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5%, மாதத் தவணை 26,035 ரூபாய். நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவருக்கு கம்பெனி வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து 72,000. எல்லாச் செலவும் போக மாதம் 9,000 மிஞ்சும். வங்கியில் 1.4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. போன மழையில் மாடி ஒழுகியது, பாத்ரூம் சுவரில் ஓதம். மாடிக்கு 55,000, இரண்டு பாத்ரூமுக்கு 70,000, வயரிங் 40,000, மாடுலர் கிச்சன் 2.8 லட்சம், ஃபால்ஸ் சீலிங் 95,000, பெயிண்டிங் 1.1 லட்சம் என்று மேஸ்திரி மொத்தம் 6.5 லட்சத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வங்கியில் டாப்-அப் கடன் (ஓடுகிற வீட்டுக் கடனின் மேலேயே கூடுதல் கடன்) தருகிறோம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருக்கிற பணத்தைக் கட்டிக் கடனைக் குறைப்போம் என்கிறார் கணவர். அடுப்படியையாவது சரி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: கணவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் அடுத்த வருடத்துக்குச் சரியானவை. இந்த வருடம் பணம் மாடிக்குத்தான் போக வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த டாப்-அப்பைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அதிலிருந்துதான் வருகிறது.

6.5 லட்சத்தை 9% வட்டியில், உங்கள் வீட்டுக் கடனில் மிச்சமிருக்கும் 17 வருடத்துக்கும் நீட்டிக் கொடுப்பார்கள். தவணை 6,232 ரூபாய்தான் வரும். மாதம் 9,000 மிஞ்சுகிறவர்களுக்கு அது சுலபமாகத் தெரியும். 17 வருடம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 12.7 லட்சம் போயிருக்கும். அதில் 95,000 ரூபாய் ஃபால்ஸ் சீலிங்கும் அடக்கம், ஐந்தாறு வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டிய பெயிண்டும் அடக்கம். இரண்டாவது முறை பெயிண்ட் அடிக்கும்போதும், மூன்றாவது முறை அடிக்கும்போதும், முதல் பெயிண்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடனை எடைபோடக் கூடாது. 2 லட்சம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 14% தனிநபர் கடனாக ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி ஏறத்தாழ 79,000. அதே 2 லட்சம் 9% டாப்-அப்பாக 17 வருடம் ஓடினால் வட்டி 1.91 லட்சம். விகிதம் குறைவு, போகிற பணம் அதிகம். அதே டாப்-அப்பை ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கினால் வட்டி 49,000 அளவில் நின்றுவிடும். ஆக டாப்-அப் கெட்டதில்லை, அதன் காலம்தான் கெட்டது. என்றாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், செய்யும் வேலை எத்தனை வருடம் உழைக்குமோ அதற்குள் முடிகிற மாதிரி வாங்குங்கள். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையே இல்லை.

சரி, கையில் இருக்கும் 1.4 லட்சத்துக்கு வருவோம். அதில் மூன்று மாதத் தவணையான 78,000 ரூபாயைத் தொடாதீர்கள். இருவரில் ஒருவருக்குச் சம்பளம் நின்றாலும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், தவணை தவறாமல் காப்பது அதுதான். மிச்சம் 62,000. மாடிக்கு 55,000 கேட்டிருக்கிறார்கள். போதும்.

மாடியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், தள்ளிப்போட்டால் செலவு பெருகுகிற வேலை உங்கள் பட்டியலில் அது ஒன்றுதான் பெரியது. தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துருப்பிடித்த கம்பி பழைய கனத்தைவிடப் பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அப்புறம்தான் காரை பெயர்ந்து விழும். விரிசலோடு இருக்கும்போது கோட்டிங் வேலை, கம்பி வெளியே தெரிந்துவிட்டால் கான்கிரீட் ரிப்பேர் வேலை. இரண்டுக்கும் செலவில் ஒப்பீடே கிடையாது. இன்றைக்கே உங்கள் வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறையோ, கம்பி ஓடும் நேர்கோட்டில் விரிசலோ இருந்தால் மேஸ்திரியை விட்டுவிட்டு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெறும் ஈரக்கறைதான் என்றால் பயமில்லை.

மாடி முழுவதும் ஒரே மாதிரி ஒழுகாது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் திட்டு, இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றிப் பாருங்கள். குழாய் வாயை நோக்கி ஓடாமல் நடுவில் தேங்கினால் வாட்டம் சரியில்லை. அதைச் சரி செய்யாமல் எந்த கம்பெனி கோட்டிங் அடித்தாலும் இரண்டு மழை தாங்காது. மேஸ்திரியிடம் இதை எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: தளர்ந்த பூச்சைச் சுரண்டுவது, விரிசலை வெட்டி அகலப்படுத்தி அடைப்பது, மூலை நெடுகக் கலவையைச் சரிவாகப் பூசுவது, தளம் காய்ந்த பிறகு இரண்டு கை கோட்டிங், சுவரிலும் ஓரடி உயரம் ஏற்றி அடிப்பது. முடிந்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கீழே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மேல் கோட்டிங் வெள்ளையாக இருக்கட்டும். திருச்சி வெயிலில் கீழே இருக்கும் அறையின் சூடும் குறையும். மார்ச் முதல் மே வரை தளம் நன்றாகக் காய்ந்திருக்கும், அப்போதே முடித்துவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால மழை ஆரம்பித்துவிடும், ஈரத் தளத்தில் கோட்டிங் ஒட்டாது. சாமான்களை நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை பார்த்த பிறகு தருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு 70,000 என்றால் டைல்ஸ் முழுவதும் உடைத்துப் போடக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதற்கு முன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் என்றால் வெளிச்சுவர் வழியாக வரலாம். வருடம் முழுக்க என்றால் குழாயோ தரை இடுக்கோ. இரவு படுக்கும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் குழாயில் கசிவு இருக்கிறது, பிளம்பர் போதும். இறங்கவில்லை என்றால் டைல்ஸ் இடுக்குகளை அடைத்திருக்கும் பழைய கலவையை, அதாவது கிரவுட்டைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் இறங்காத எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். தரை வடிகால் வாயைச் சுற்றியும் போட வேண்டும். பல வீடுகளில் இதோடு ஓதம் நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால்தான் தரையை உடைப்பது பற்றி யோசிக்க வேண்டும். நீங்கள் ஆசிரியை என்பதால் மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாள் பாத்ரூமைப் புழங்காமல் விடுவதற்கு அதுதான் தோது. அதற்குள் மாத மிச்சத்திலேயே பணம் சேர்ந்துவிடும்.

வயரிங் முழுவதையும் மாற்ற 12 வருடம் ஒரு காரணமே இல்லை. சுவிட்ச் சூடாவது, கருகிய வாடை, அடிக்கடி டிரிப் ஆவது இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த லைனை மட்டும் மாற்றுங்கள். ஆனால் மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லாவிட்டால் மாடிக்கும் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள், எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஓதம் ஏறிய சுவரில் மின்சாரம் கசிந்தால் உயிர் போகும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை இது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஒழுகிய கூரைக்குக் கீழே அதைப் போட்டால் அடுத்த கசிவு கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது ஜிப்சம் பலகையே ஊறித் தொங்கும். பெயிண்ட் ஒரு முழு மழைக்காலம் பார்த்த பிறகுதான். ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்பளித்துவிடும், அந்த 1.1 லட்சமும் வீண்.

இனி கடன். மூன்று வருடத்தில் 9.37 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். வட்டி இடையில் ஏறி இறங்கியிருக்கலாம், கணக்குக்காக 8.5% என்றே வைத்தால், அசல் குறைந்திருப்பது 1.95 லட்சம்தான். கணவருக்கு வரும் பதைப்பு நியாயமானது. இப்போது 1 லட்சம் சேர்த்துக் கட்டினால் கடைசியில் ஏறத்தாழ 15 தவணைகள் குறையும், வட்டியில் 3 லட்சம் மிச்சம். டெபாசிட் எதுவும் இந்தப் பலனைத் தராது. அதனால் மாடியும் பாத்ரூமும் முடிந்ததும் மாத மிச்சம் 9,000-ஐ இரண்டாகப் பிரியுங்கள். 5,000 வீட்டு வேலைக்கு, தனியாக ஒரு ஆர்.டி. மீதி 4,000-ஐச் சேர்த்து வருடம் ஒருமுறை 48,000 ஆக அசலில் கட்டுங்கள். வேறெதுவும் மாற்றாமல், கடன் ஏறத்தாழ நான்கு வருடம் முன்னதாக முடியும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி விதிப்படி அனுமதி இல்லை. கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையோடு வாங்கி வாருங்கள்.

வங்கிக்குப் போகிற அன்றே இன்னொன்றையும் கேளுங்கள். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5%-லிருந்து 5.5%-க்குக் குறைத்தது. உங்கள் வட்டி அந்த அளவுக்கு இறங்கியதா? 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த புதிய வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு இணைந்தவை, அதனால் இறங்கியிருக்க வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனத்தில் வாங்கியது என்றால் அந்தக் கட்டாயம் கிடையாது, பெரும்பாலும் நீங்களாகக் கேட்டால்தான் குறைப்பார்கள். சிறு கட்டணம் வாங்குவார்கள், கொடுக்கலாம். வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், புதிய வரி முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மாதச் செலவில் மிச்சம் பிடிக்க ஒரே ஒரு யோசனை. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். பழைய ஃபேன் கெடும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். உங்கள் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது என்றால் உடனே மாற்றுங்கள், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் மலிவு விகிதமும் போய்விடும்.

கடைசியாக உங்கள் அடுப்படி. 2.8 லட்சத்தில் பெரும்பகுதி பிளைவுட் பெட்டிகளுக்குப் போகிறது. 12 வருட வீட்டில் மேடைக்குக் கீழே கட்டிய சுவர்த் தடுப்புகளும் கடப்பா தட்டுகளும் ஏற்கெனவே இருக்குமே, அவைதான் பெட்டி. கரையானும் தண்ணீரும் தொட முடியாத பெட்டி. அதை இடிக்காதீர்கள். அலுமினியத்திலோ பி.வி.சி.யிலோ கதவு மட்டும் போட்டு, அடுப்புக்குக் கீழே தட்டுக்கு ஒன்று, மசாலா டப்பாவுக்கு ஒன்று என இரண்டு இழுப்பறை வைத்து, பாத்திரம் கழுவப் புதுத் தொட்டியும் நல்ல விளக்கும் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 5,000 வீதம் ஜூனிலிருந்து சேர்த்தால் அடுத்த சித்திரைக்குள் 50,000 கையில் இருக்கும். அளவெடுத்து, இரண்டு கடையில் விலை கேட்டுவையுங்கள். எந்த மூலையில் நின்று காய் நறுக்குகிறீர்கள், எந்தச் சாமானுக்கு ஸ்டூல் போட்டு ஏறுகிறீர்கள் என்று இந்த ஒரு வருடம் கவனித்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அளவெடுக்க ஆள் வரும்போது அந்த நோட்டை அவரிடம் கொடுங்கள்.